தீப்பொறி தின்னும் உலோகம்
(ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)



தொழிற்சாலையில் மின் பராமரிப்பு என் வேலை. நான் அடிக்கடி கையில் எடுத்துப் பார்ப்பது தேய்ந்துபோன கான்டாக்டுகளைத்தான். மோட்டாரை நிறுத்தும்போது கான்டாக்டரின் உலோக முனைகள் பிரிகின்றன. மின்னோட்டம் அவ்வளவு லேசில் விடுமா? கடைசியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளி உருகி, ஆவியாகி, அந்த ஆவி வழியாகவே அது பாய்கிறது. அதுதான் ஆர்க். அதன் வெப்பம் பல ஆயிரம் டிகிரி. செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். டங்ஸ்டன்கூட 3,422 வரைதான். ஆர்க்கை முழுசாகத் தாங்கும் உலோகமே கிடையாது.

ஆனால் தேய்மானம் எங்கே நடக்கணும் என்று நாம் தீர்மானிக்கலாம். பெரிய சர்க்யூட் பிரேக்கர்களில் ஆர்க்கிங் கான்டாக்ட் என்று தனியாக ஒன்று உண்டு. மெயின் கான்டாக்ட் முதலில் பிரியும், இது கடைசியில். அடி முழுவதையும் இது வாங்கிக்கொள்ள, மெயின் பிழைத்துக்கொள்ளும்.

இன்னும் ஒரு படி மேலே போனவர்கள் சோவியத் நாட்டின் லாசரென்கோ தம்பதியர், போரிஸும் நடால்யாவும். இன்ஜின் இக்னிஷனில் டங்ஸ்டன் கான்டாக்டுகள் அரிக்கப்படுவதைத் தடுப்பதே அவர்களுக்குத் தரப்பட்ட வேலை. எண்ணெயில் மூழ்கவைத்துப் பார்த்தார்கள். அரிப்பு நிற்கவில்லை, ஆனால் ஒரே சீராக நடந்தது. அப்படியானால் இதை வைத்தே உலோகத்தைக் குடையலாமே என்று 1943-இல் திருப்பிப் போட்டார்கள். இன்று டூல்ரூம்களில் கெட்டிப்படுத்திய எஃகில் டை குடையும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் அந்த யோசனையின் வாரிசுதான்.

வேலைக்குப் போகப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வெள்ளிக் கலவைக் கான்டாக்ட் கறுத்திருந்தால் உடனே அரத்தைத் தூக்காதீர்கள். கறுப்பும் சின்னச் சின்னக் குழிகளும் இயல்புதான். ராவினால், ஆர்க் மிச்சம் வைத்த வெள்ளியை நாமே தின்றுவிடுவோம். ஆனால் வெள்ளி தீர்ந்து அடி உலோகம் தெரிந்தால், அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் விடாதீர்கள். முழு செட்டையும் மாற்றுங்கள். கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டால் ஸ்டாப் பட்டனை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. அந்த நேரத்தில் மெஷினுக்குள் ஒரு தொழிலாளியின் கை இருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன்: ஸ்டாப் பட்டனை நம்பி யாரையும் உள்ளே கை வைக்க விடாதீர்கள். ஐசோலேட்டரை அணைத்துப் பூட்டி, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே வேலை.