தீற்றலுக்குள் ஓர் அப்பா

(நகரக் கூட்டத்தில் மனிதன் தொலைகிறானா? துலங்குகிறானா? என்ற பட்டிமன்றத்தில், ‘துலங்குகிறான்’ அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! ஷிப்டு முடிந்த கையோடு குடும்பத்தோடு வந்து அமர்ந்திருக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பெருமக்களே!

எதிரணிச் சகோதரி ஒரு படத்தைக் காட்டினார்கள். பிரெஞ்சு ஓவியர் பிஸாரோ 1898-இல் தீட்டிய பாரீஸ் சதுக்கம். “இத்தனை ஜனத்தில் ஒருத்தருக்காவது கண் இருக்கா, மூக்கு இருக்கா? எல்லாம் வெறும் தீற்றல்! நகரம் மனிதனை அழித்துவிட்டது” என்றார்கள். அம்மா, எங்க ரேஷன் கார்டு போட்டோவிலேயும்தான் கண், மூக்கு தெரியாது. அதுக்காக நாங்க அழிஞ்சா போயிட்டோம்? (சிரிப்பு)

இந்தக் கிண்டல் பழசுங்க. 1874-இல் இந்த ஓவியர்கள் பாரீஸில் முதல் கண்காட்சி வைத்தபோதே, மோனே வரைந்த பெருவீதிக் கூட்டத்தைப் பார்த்து, அடியில் இதென்ன கறுப்புத் தீற்றல் என்று லெருவா என்ற விமர்சகர் பத்திரிகையில் கேலி எழுதினார்.

பிஸாரோ ஏன் அப்படி வரைந்தார்? அறுபதைத் தாண்டிய வயது. கண்ணில் தீராத உபாதை. வெளிக்காற்றும் தூசியும் ஆகாது. ஓட்டல் மாடியில் அறை எடுத்து, ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கீழே பார்த்தார். குதிரை வண்டி, மரம், கூட்டம். ஏறக்குறைய அதே காட்சியை மழையில் வரைந்தார், வெயிலில் வரைந்தார், பனியில் வரைந்தார். மாடியிலிருந்து முகம் தெரியாது. ஆனால் நடை தெரியுமே! சாய்ந்த தீற்றல் அவசரக்காரன். ஒட்டி நிற்கும் இரண்டு தீற்றல் உறவு. முகத்தை விட்டார், மனுஷனை விடவில்லை! (கைதட்டல்)

என் அப்பா இந்த வட்டாரத்தில் ஓர் ஆலைத் தொழிலாளி. எனக்குப் பத்து வயது இருக்கும். ஆலையில் விபத்து என்று ஒருநாள் சேதி. யாருக்கு என்று சொல்ல ஆளில்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். இருட்டுகிற நேரம். கேட் திறந்தது. நூற்றுக்கணக்கான பேர்; ஒரே காக்கி, ஒரே புழுதி. எனக்கு எல்லாம் ஒரே கறுப்பு. அம்மா மட்டும் சொன்னாள்: “அதோ உங்கப்பா. இடது தோளைச் சாய்ச்சு வர்றாரு பாரு.” முகம் தெரிகிற தூரமே இல்லை, நடுவர் அவர்களே!

பக்கத்தில் இன்னொரு தாய் நின்றாள். கூட்டம் முழுக்கத் தீர்ந்த பிறகும் அவள் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை பேரில் ஒரு தீற்றல் குறைந்தது ஊருக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

நாளைக் காலை ஸ்டேஷனில் இறங்கும் கூட்டத்தைப் பாருங்கள். வடக்கேயிருந்து வந்த தம்பிகளும் அதில் இருப்பார்கள். ஒவ்வொருவன் நடையையும் தெரிந்த ஒருத்தி எங்கோ ஒரு வாசலில் காத்திருக்கிறாள். பார்க்கிறவனுக்குப் பாசம் இருந்தால், தீற்றலுக்குள்ளேயும் மனிதன் துலங்குவான் என்று சொல்லி அமர்கிறேன்.