மூத்தவர் யார்? ஜெர்மன் மொழியில் ஒப்பிடும் முறை



நம் கோவில்பத்திலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே சென்றால் தரங்கம்பாடி வரும். 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அங்கு வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழை முயன்று கற்றார். அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. அவர் அங்கிருந்து இங்கு நடந்த வழியில் நாம் இங்கிருந்து அங்குச் சிறிது தூரம் நடந்து பார்ப்போம். ஒரு பொருளை மற்றொன்றோடு ஒப்பிடும் முறையை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

'திருநள்ளாற்றை விடக் காரைக்கால் பெரியது' என்கிறோம். இதில் 'பெரியது' என்னும் சொல் எம்மாற்றமும் பெறவில்லை. எதனோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயரே உருபு ஏற்று நிற்கிறது. நன்னூலும் 'இன்', 'இல்' என்னும் உருபுகளையுடைய ஐந்தாம் வேற்றுமைக்கு ஒப்புப் பொருளையும் உரியதாக்கியது.

ஜெர்மன் மொழியிலோ பண்பைக் குறிக்கும் சொல்லே உருமாறும். சிறியது 'க்ளைன்', ஒன்றினும் சிறியது 'க்ளைனர்', எல்லாவற்றினும் சிறியது 'அம் க்ளைன்ஸ்டன்'. நம் 'விட' என்பதன் வேலையை 'அல்ஸ்' என்னும் சிறுசொல் செய்யும். சில சொற்களில் உள்ளிருக்கும் உயிரொலியும் திரியும்: முதியது 'அல்ட்', அதனினும் முதியது 'எல்ட்டர்', யாவற்றினும் முதியது 'அம் எல்ட்டஸ்டன்'. நல்லதாகிய 'கூட்' என்பதோ 'பெஸர்', 'அம் பெஸ்டன்' என்று முற்றிலும் வேறாகிவிடும்.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலில் பிரெஞ்சு கற்றவர் பலர். அம்மொழியில் 'ப்ளு' என்னும் சொல்லைப் பெரும்பாலும் முன்னே வைத்தால் போதும். அப்பழக்கத்தால் ஜெர்மனிலும் 'மிகுதியாக' என்னும் பொருளுடைய 'மேர்' என்பதை முன்னே வைத்து 'மேர் க்ளைன்' என்றால் அது பிழையாகும்.

இவையெல்லாம் மனப்பாடத்தால் வந்துவிடும். உண்மையான இடர் வேறோரிடத்தில் இருக்கிறது. 'அண்ணன்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை ஜெர்மானியர் 'மூத்த உடன்பிறந்தான்' என்று ஒப்பிட்டுச் சொல்வதுண்டு. 'மூத்த மகன்' என்று ஒரு கடிதத்திலோ சான்றிதழிலோ எழுதியிருப்பதை மொழிபெயர்க்கும்போது இடர் இன்னும் மிகும். மக்கள் இருவராயினும் ஐவராயினும் தமிழுக்கு 'மூத்த' என்பது ஒன்றே. ஜெர்மன் இலக்கணமோ, இருவருள் மூத்தவனுக்கு 'எல்ட்டரெ' என்றும், மூவர் முதலாயினோருள் மூத்தவனுக்கு 'எல்ட்டஸ்டெ' என்றும் பிரிக்கும். எத்தனை பிள்ளைகள் என்று கேளாமல் மொழிபெயர்ப்பவர் இல்லாத தம்பியைப் பிறப்பித்துவிடலாம்; இருக்கிற தம்பியை மறைத்தும்விடலாம்.

இன்னும் ஒரு வியப்பு. 'அல்ட்டர் ஹெர்' என்றால் கிழவர். 'எல்ட்டரர் ஹெர்' என்றால் சற்று வயதானவர். உருவத்தில் மிகுந்த சொல், வயதில் குறைந்தவரைக் குறிக்கிறது. மரியாதைக்காகவும் அதனைக் கையாள்வார்கள்.

ஆகவே, அயல்மொழி கற்கும் இளைஞர்களே, விகுதிகளைப் பாடம் செய்யுங்கள், அத்துடன் நில்லாதீர்கள். தமிழ் கேளாமல் விடும் கேள்வியை மற்றொரு மொழி கேட்கும். அக்கேள்விக்கு விடையறிந்த பின்னரே பேனாவை எடுங்கள்.