ஓடைக்கரை மாந்தர்



வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியிற் கலக்கும் நொய்யலுக்குக் காஞ்சி என்பது பழம்பெயர். அணைக்கட்டு அதன் நீரை வாய்க்காலுக்குத் திருப்பிற்று; வாய்க்கால் குளத்தை நிறைத்தது; மிகுநீர் கலிங்கு வழியே வெளியேறிற்று. பெருமழையை ஊர்கள் தாங்கியது இவ்வமைப்பால்தான். கலிங்கு என்னும் சொல்லே இன்று திருப்பூரில் எத்தனை பேர்க்குத் தெரியும்!

பின்னலாடைத் தொழில் பெருகிற்று. உழைக்க வந்தோர்க்கு வேலை தந்த நகரம் குடியிருக்க இடந்தரவில்லை. குறைந்த வாடகை ஓடைக்கரையில்தான் கிடைத்தது. 2011 சனவரியில், ஆற்றைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை நேரியதே, ஆயினும் வேலையிழந்தோர் பலர். அவ்வாண்டு நவம்பரில், ஐப்பசி மழையில், ஓடைகள் கரைபுரண்டன. வீடுகள் சரிந்தன; உயிர்கள் மாண்டன.

இயற்கையின் சீற்றமாம்! மழை இயற்கை, ஓடையைக் குறுக்கியவர் யார்? புவி வெப்பமேற, குறுகிய பொழுதிற் கொட்டும் பெருமழை மிகுகிறது.

நல்லாற்று நீரைத் தேக்கும் நஞ்சராயன் குளம் 2024-இல் இராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. பறவைக்கு இடந்தந்தமை போற்றற்குரியது. மாந்தர்க்கு?

அவர்களை ஊருக்கு வெளியே தொலைவிற் குடியேற்றுவது தீர்வாகாது. பேருந்துக் கட்டணம் கூலியைத் தின்னும். மீண்டும் கரைக்கே வருவர். பணியிடத்தருகே மேட்டுநிலத்தில் மனையுரிமை வேண்டும். ஓடையும் குளமும் தூர்வாரும் பணியை நாட்கூலியோடு அவர்க்கே அளிக்கவேண்டும். மேற்கே பெருமழை பெய்ததெனில், அச்செய்தி வெள்ளத்திற்கு முன்னே, நள்ளிரவாயினும், அவர்தம் வாயிலுக்கு வந்துசேர வேண்டும்.