நூற்பாலைக்குச் செல்லும் நம் ஊர்ப் பெண்கள்

(ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, வரி வசூல் ஆகியவை பற்றி இம்முகாமில் விரிவாகப் பேசினோம். இன்று வேறொரு பொருளைப் பற்றிச் சொல்ல விழைகின்றோம். நம் ஒன்றியத்தில் நூற்பாலை ஏதும் இல்லை. ஆயினும், விடியுமுன்னரே நம் ஊர் முச்சந்திகளில் ஆலைப் பேருந்து வந்து நிற்கக் காண்கின்றோம். பெட்டி படுக்கையுடன் விடுதிக்குச் சென்று, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊர் திரும்பும் பெண்களையும் காண்கின்றோம். மழை பொய்த்த ஆண்டில் பல வீடுகளில் அடுப்பெரிவது அவர்கள் ஈட்டும் ஊதியத்தினால்தான். அவர்கள் அங்கே என்ன வேலை செய்கின்றனர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கோயம்புத்தூரில் 1888ஆம் ஆண்டிலேயே நூற்பாலை தோன்றிவிட்டது. 1930களில் பைகாரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. 1956இல் அவற்றுக்கென ஆராய்ச்சிக் கழகம் ஒன்றும் அந்நகரிலேயே நிறுவப்பட்டது. நம் கரிசல் பஞ்சும், நம் ஊர் உழைப்பும், அம்மின்சாரமும் சேர்ந்து வளர்த்த தொழில் இது. ஆதலின் இதனை அயலார் தொழில் என்று கருதுவதற்கில்லை.

வயலில் பறித்த பருத்தி, கொட்டை நீக்கப்பெற்றுப் பேல்களாக ஆலையை அடைகின்றது. அங்கே முதலில் அதனைப் பிரித்துத் தூசு போக்குகின்றனர். பின்னர் கார்டிங் இயந்திரம் இழைகளைச் சீவுகின்றது. டிராயிங், சிம்ப்ளக்ஸ் ஆகியவற்றில் பஞ்சுத் திரி படிப்படியாக மெலிகின்றது. இறுதியில் ரிங் பிரேம் என்னும் இயந்திரம் அத்திரியை இழுத்து, முறுக்கேற்றி, நூலாக்கிப் பாபினில் சுற்றுகின்றது. நம் பாட்டிமார் இராட்டையில் ஒரு கதிரைச் சுழற்றினர். ஒரு ரிங் பிரேமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் இருப்பதுண்டு. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது.

நூலின் நம்பர் என்பதை நெசவாளர் அறிவர். 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடையில் 40 சிட்டம் நின்றால் அது 40ஆம் நம்பர் நூல். அஃதாவது, அரைக் கிலோவுக்கும் குறைந்த பஞ்சிலிருந்து 33,600 கெஜ நூல். 30 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம்! அத்துணை மெல்லிய இழை அறுபடாமல் இருக்குமா? அறுபடும். அறுந்ததைக் கண்டு இணைப்பதே 'சைடர்' எனப்படும் தொழிலாளியின் முதற்கடமை.

அவ்வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரு இயந்திரங்களுக்கு இடையேயுள்ள சந்தில் அவள் ஓயாது நடக்கின்றாள். இழை அறுந்த கதிரை மட்டும் நிறுத்திப் பாபினை எடுக்கின்றாள். நூல் நுனியைத் தேடிப் பிடித்து, சிறு கம்பி வளையத்தினூடும் அதன் மேலுள்ள வழிகாட்டிக் கண்ணியினூடும் நுழைத்து, உருளையிலிருந்து வெளிவரும் பஞ்சிழையோடு ஒட்டுகின்றாள். கைபழகியவளுக்குச் சில விநாடி வேலை. அதற்குள் வேறொரு கதிரில் இழை அறுந்திருக்கும். திரி தீர்ந்த இடத்தில் புதுத்திரி மாட்ட வேண்டும். உருளைகளில் சுற்றிய பஞ்சை நீக்க வேண்டும். ஒரு ஷிப்டில் அவள் நடக்கும் தூரம் பல கிலோமீட்டர். இழை அறுபடாதிருக்க அறையில் ஈரப்பதம் காக்கப்படுவதால் புழுக்கம் மிகுதி. இயந்திர ஓசையில் பக்கத்தில் நிற்பவரோடு சைகையால்தான் பேச இயலும். இது கைத்திறனும் கண்கூர்மையும் வேண்டும் தொழில். இதனைக் கூலி வேலை என்று தாழ்த்திச் சொல்லுதல் தகாது.

இனி, எங்கள் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றைச் சொல்லுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் விவசாயி ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மூன்றாண்டு வேலை செய்தால் திருமணத்துக்கென ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும் என்று தரகர் ஒருவர் சொன்னதை நம்பி, தம் மகளை ஓர் ஆலை விடுதிக்கு அனுப்பியிருந்தார். அப்போது அவளுக்கு வயது பதினேழு. மூன்றாண்டு நிறைய இரண்டு மாதம் இருக்கையில் இருமலும் மூச்சுத்திணறலும் கண்டு அவள் வீடு திரும்பினாள். இடையில் நின்றதால் தொகை கிடையாது என்று கூறிவிட்டனராம். நியமனக் கடிதம் உண்டா என்றோம், இல்லை. ஊதியச் சீட்டு? இல்லை. வைப்பு நிதி எண்? அவருக்குத் தெரியவில்லை. அவர் மடித்து வைத்திருந்தது தரகர் தந்த விளம்பரத் தாள் ஒன்றே. அதே தாள் எங்கள் அலுவலகச் சுற்றுச்சுவரிலும் ஒட்டப்பட்டிருந்ததை அன்றுதான் உணர்ந்தோம். அதன் பக்கலில் நாள்தோறும் நடந்து சென்றவர்கள் நாங்கள். அரசு அலுவலகச் சுவரில் கண்டதனால்தான் நம்பியதாக அவர் சொன்னபோது எங்களிடம் மறுமொழி இல்லை.

தொழிலாளர் துறைக்கு எழுதினோம். பல மாத முயற்சிக்குப் பின் வைப்பு நிதிப் பணம் வந்தது. சொன்ன தொகையில் ஒரு பகுதியே கிடைத்தது. அப்பெண்ணின் மூச்சு முன்போல் ஆகவில்லை.

பஞ்சுத் தூசினால் 'பிசினோசிஸ்' என்னும் நுரையீரல் நோய் வருவதுண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுதல் இதன் தொடக்க அடையாளம். பின்னாட்களில் அது தணிவது போலத் தோன்றும். ஆண்டுகள் செல்லின் நிலைத்துவிடும். பஞ்சைப் பிரிக்கும் பகுதியிலும் கார்டிங் பகுதியிலும் தூசு மிகுதி. மூக்கையும் வாயையும் மூடும் கவசம் பயன்தரும். அறிகுறி கண்டவுடன் மருத்துவரிடம் காட்டித் தூசில்லாத பகுதிக்கு மாறுவதே சிறந்த காப்பு. காசமென்றோ ஆஸ்துமா என்றோ தாமாக முடிவு செய்து காலம் கடத்தலாகாது. ஆலையில் வேலை செய்ததை மருத்துவரிடம் தவறாது சொல்ல வேண்டும்.

சட்டம் தொழிலாளிக்குத் துணை நிற்கின்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த வாரத்துக்கு 48 மணி நேரம் என்னும் வரம்பும், மிகைநேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்னும் நெறியும், 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் தொடர்கின்றன. நியமனக் கடிதம் கட்டாயம். இரவு வேலைக்குப் பெண்ணின் இசைவு வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்க்கப்பட்டோர்க்கு மருத்துவமும் நோய்க்கால உதவியும் உண்டு. பெண்கள் தங்கும் விடுதிகள் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பத்துப் பேருக்குக் குறையாத தொழிலாளர் உள்ள இடத்தில், பாலியல் தொல்லை குறித்த முறையீடுகளை விசாரிக்கும் குழு இருக்க வேண்டுமென 2013ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. ஆயினும், கையில் ஒரு தாளும் இல்லாதவர் இவற்றைக் கேட்டுப் பெறுதல் அரிது.

ஆதலின் உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, வெளியூர் ஆலைக்குச் செல்வோரின் பெயர், வயது, ஆலையின் பெயர், விடுதி முகவரி ஆகியவற்றை ஊராட்சியில் ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். பதினெட்டு வயது நிறையாத பிள்ளையை அனுப்பாதிருக்கப் பெற்றோரிடம் எடுத்துரையுங்கள். படிப்பைத் தொடர வழி தேடுங்கள்.

இரண்டாவது, பொதுச் சுவர்களில் தரகர் விளம்பரம் ஒட்ட இடங்கொடாதீர்கள். எங்கள் சுவரை நாங்கள் துப்புரவு செய்துவிட்டோம்.

மூன்றாவது, மே முதல் நாள் தொழிலாளர் தினத்தன்று கிராம சபை கூடுகின்றது. அன்று ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைப் பேசவிடுங்கள். நியமனக் கடிதம், ஊதியச் சீட்டு, வைப்பு நிதி எண், ஈ.எஸ்.ஐ. எண் ஆகிய நான்கும் உள்ளனவா என்று கேளுங்கள். இல்லாதோர்க்குத் தொழிலாளர் துறையை அணுக உதவுங்கள். இடருற்ற பெண்கள் 181 என்னும் எண்ணையும், சிறுவர் சிறுமியர் 1098 என்னும் எண்ணையும் அழைக்கலாம் என்பதை ஊரறியச் செய்யுங்கள்.

நான்காவது, பருத்தி பயிரிடும் விவசாயிகளுக்கு. காய்ந்த இலையும் சருகும் கலவாமல், பனி உலர்ந்தபின் பஞ்சு பறியுங்கள். பிளாஸ்டிக் சாக்கை விடுத்துத் துணிப்பையில் சேருங்கள். சாக்கின் நார் பஞ்சோடு கலந்தால் இழை அறுபடும், நூலும் கெடும். சருகு நொறுங்கினால் தூசு பெருகும். தூய பஞ்சுக்கு நல்ல விலை கேட்கலாம் என்பது ஒருபுறமிருக்க, அந்தத் தூசைச் சுவாசிப்பது வேறு யாரும் அல்லர். அடுத்த தெருப் பெண்ணாக இருக்கலாம், நம் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம்.

ஆலை வேலை வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. தன் கையால் ஈட்டிய பணத்தில் தம்பியைப் படிக்க வைத்த பெண்களும், வீட்டுக் கடனை அடைத்த பெண்களும் நம் ஊர்களில் இருக்கின்றனர். அவர்கள் தாமாக விரும்பி, விவரமறிந்து, உரிய தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு செல்லட்டும். விரும்பியபோது உடல்நலத்தோடு திரும்பி வரட்டும். அவர்கள் எங்கே இருக்கின்றனர் என்பதை ஊர் அறிந்திருக்கட்டும்.

அந்தப் பதிவேட்டின் முதற்பக்கத்தை இவ்வாரமே எழுதத் தொடங்குமாறு கேட்டு, எங்கள் உரையை முடிக்கின்றோம்.