நாயின் கால் ஜவ்வு கிழிந்தால்



ஒரகடம் பக்கம் நிலம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வேர்க்கடலைக்கு ஜிப்சம் இடுவது பற்றிக் கேட்க வந்தார். போகிறபோது, "ஐயா, நம்ம காவல் நாய் பின்னங்காலைத் தூக்கிக்கிட்டே நிக்குது. எங்கயாவது கொண்டுபோய் விட்டுடலாம்னு பாக்கறேன்" என்றார். கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் ஓயாத நம் சாலைகளில் நொண்டி நாயை விடுவதும் கொல்வதும் ஒன்றுதான் என்று சொன்னேன்.

நாயின் முழங்காலுக்குள் மேல் எலும்பும் கீழ் எலும்பும் நழுவாமல் பிடித்திருப்பவை, பெருக்கல் குறி போலக் குறுக்கே போகும் இரண்டு ஜவ்வுகள். முன்பக்க ஜவ்வுதான் பெரும்பாலும் அறுகிறது. வண்டி இடித்தால்தான் என்றில்லை. பல நாய்களுக்கு அது பழைய கவலைக் கயிறு மாதிரி மெல்ல நைந்து, ஒருநாள் வரப்பைத் தாண்டும்போது அறுந்துவிடும். அப்புறம் நாய் காலை மடக்கி உட்காராது, பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும். நிற்கும்போது விரல் நுனியை மட்டும் ஊன்றும்.

நான் பயிர் பார்க்கிறவன். ஜவ்வா, எலும்பு முறிவா என்று கால்நடை மருத்துவர்தான் சொல்லவேண்டும். பெரிய நாய்க்கு அநேகமாக அறுவை சிகிச்சை தேவைப்படும். வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனை இருக்கிறது. 15 கிலோவுக்குக் குறைந்த நாய்கள் பல, கத்தி படாமலே தேறுவதுண்டு. நாம் விழுங்கும் வலி மாத்திரையை மட்டும் நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

இனி வீட்டு வேலை. இரண்டு மாதம் மூலையில் கட்டிப் போட்டால் குணமாகிவிடும் என்று நினைக்கிறோம். தொடைச் சதை வற்றிப்போகும், மூட்டு இறுகிவிடும். அவிழ்த்துவிட்டால் ஆட்டின் பின்னால் ஓடி மறுபடி கெடுத்துக்கொள்ளும். ஆகவே, கயிற்றில் பிடித்து நடத்துங்கள். மருத்துவர் சம்மதித்ததும் 5 நிமிடம், தினம் மூன்று வேளை. ரொம்ப மெதுவாக! வேகமாய் நடந்தால் மூன்று காலிலேயே சமாளித்துவிடும். மெதுவாய் நடந்தால்தான் நாலாவது காலையும் ஊன்றும். வாரம் ஒருமுறை சில நிமிடங்கள் கூட்டலாம். இரண்டரை, மூன்று மாதம் ஓட்டமும் தாவலும் கூடவே கூடாது.

முதல் மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வையுங்கள். வீக்கம் வடிந்தபின், ஒருக்களித்துப் படுக்கவைத்து, காலை மெல்ல மடக்கி நீட்டுங்கள், பத்துப் பதினைந்து தடவை. இழுத்துக்கொண்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். வலியில் வளர்த்தவரையே கடிக்கும். வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

தையல் பிரித்துப் புண் ஆறியபின் தண்ணீரில் நடத்துவது அருமையான வைத்தியம். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் நாயின் கால்கள் அதன் எடையில் நூற்றுக்கு 40 பங்குகூடத் தாங்கவேண்டியதில்லை. சரிவான, தரை கெட்டியான குட்டை போதும். தூர் வாரிய ஏரி வேண்டாம், திடீர்ப் பள்ளம் இருக்கும்.

வீட்டில் டைல்ஸ் தரையா? பழைய உரச்சாக்கை நன்றாக அலசி விரியுங்கள். சோற்றைக் குறைத்து உடம்பை ஒல்லியாக வையுங்கள். இரு தொடையையும் மாதம் ஒருமுறை நூலால் அளந்து பாருங்கள், வித்தியாசம் குறைகிறதா என்று.

நண்பரின் நாய் இப்போது பம்புசெட் வரை நடக்கிறது. அடுத்த காலையும் கவனியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு ஜவ்வு நைந்த நாய்க்கு மற்றதும் அறுவது சகஜம்.