இழை அறுத்த துணி

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே,

உலகமயமாக்கல் என்னும் பிரவாகத்தில் நாட்டுக்கு நாடு வேறுபட்ட பண்பாடுகளெல்லாம் நிறமிழந்து ஒரே சாயலாகிவிடும் என்ற அச்சத்தை நீங்கள் பாடநூல்களில் பலமுறை சந்தித்திருப்பீர்கள்; அமெரிக்க சமூகவியல் அறிஞர் ஜார்ஜ் ரிட்ஸர் 1993ஆம் ஆண்டில், மெக்டொனால்டு உணவுச்சாலையின் வேகத்தையும் கணக்கையும் அச்சில் வார்த்தாற் போன்ற ஒருமையையும் நவீன சமுதாயம் முழுவதற்குமே பிரதிபிம்பமாகக் காட்டினார். அவ்வச்சத்தை நான் அலட்சியம் செய்யேன்; ஆயினும் ஒரு துணியின் சரித்திரத்தை அதன் அருகே விரித்துவைக்க விரும்புகிறேன்.

சோழமண்டலக் கரையின் தறிகளில் நெய்யப்பெற்று, 'மதராஸ் கைக்குட்டை' என்ற பெயரோடு (பெயரில்தான் கைக்குட்டை, வாங்கியவர்கள் இடையில் உடுத்தினார்கள்) கப்பலேறிய கட்டம்போட்ட பருத்தித் துணி, ஐரோப்பிய வணிகர் கைமாறி, இன்றைய நைஜீரியாவில் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களை அடைந்தது. அவர்கள் அதற்கு 'இஞ்சிரி' என்று பெயரிட்டார்கள். கலபாரிப் பெண்கள், நம் நெசவாளர் கண்நோகக் கோத்த இழைகளுள் சிலவற்றை மட்டும் தேர்ந்து, கூரிய கத்தியால் அறுத்து உருவ, எஞ்சிய இழைகளிலே நெய்தவர் கனவிலும் காணாத கோலம் ஒன்று பிறந்தது. அறுத்த துணி என்று பொருள்படும் 'பெலெத்தே பித்தே' என்ற பெயரால் அதைத் தங்கள் குலச் சொத்தாகவே போற்றினார்கள்.

இதை ஆராய்ந்த ஆடை ஆய்வாளர் ஜோஆன் ஐக்கரும், கலபாரி அறிஞராகிய டோன்யே எரெகோசிமாவும், தேர்ந்தெடுத்தல், பெயரிடல், வழக்கில் சேர்த்தல், உருமாற்றல் என இதனுள் நான்கு படிகளைக் கண்டார்கள். தத்தெடுத்த பிள்ளைக்குப் பெயர் சூட்டிக் குலத்தில் சேர்க்கும் நம் சம்பிரதாயத்தை நினைந்து, இதைப் பண்பாட்டுச் சுவீகாரம் என்பேன். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காயை மிளகின் பெயரால் மிளகாய் என்றழைத்து அடுக்களையில் குடியேற்றிய நமக்கு இது விளங்காத வித்தை அன்று.

ஆயினும் அறுப்பதற்கு அவகாசம் வேண்டுமல்லவா? கலபாரிப் பெண் இழை இழையாகப் பார்த்து அறுத்தாள். கைபேசித் திரையில் நொடிக்கொன்றாக வந்து விழும் சரக்கை நாம் பெயரிடுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இவ்விடத்தில் ரிட்ஸரின் அச்சம் நியாயமானதே என்பது என் அபிப்பிராயம்.

தாம் நெய்த துணி அக்கரையில் என்னவாயிற்று என்பதை நம் நெசவாளர் அறிந்திருந்தாரோ என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை. உங்களுள் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் எவரேனும் இருப்பின், வீடு திரும்பியதும் பட்டச் சுருளை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்தக் கட்டத்துணி எந்தத் துறைமுகத்துக்குப் போயிற்று என்று பாட்டனாரிடம் கேட்டுப் பாருங்கள்.