கூடும் இடம் யாருடையது?

தென் லண்டனில் நன்ஹெட் பகுதியில் 'ஐவி ஹவுஸ்' என்ற பழைய பப் 2012இல் மூடப்பட்டது. அப்பகுதி மக்கள் அதைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று உள்ளாட்சி மன்றத்தில் பதிய வைத்தார்கள். இங்கிலாந்தில் அப்படிப் பதிவான முதல் பப் அதுதான். மறு ஆண்டே கடனும் மானியமும் பெற்று, 8,10,000 பவுண்டுக்கு அதை வாங்கிவிட்டார்கள்; தங்களுக்குள் பங்குப் பணமும் திரட்டினார்கள்.

குடிப்பதற்கான இடத்துக்கா இவ்வளவு பாடு என்று கேட்கத் தோன்றும். ஆங்கிலேயக் கிராமங்கள் பலவற்றில் தபால் நிலையம் போயிற்று, கடை போயிற்று. ஊர் கூடுவதற்கு மிஞ்சியது பப் ஒன்றுதான். விளையாட்டுக் குழு கூடுவதும், அடக்கம் முடிந்து உறவினர் உட்கார்ந்து பேசுவதும் அங்கேதான். தனியாக வாழும் முதியவருக்கு நாளில் பேச்சுத்துணை கிடைப்பதும் பெரும்பாலும் அங்கேதான். அதை இழக்கும் ஊரை நினைத்தே இன்று பேச வந்தேன்.

2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டப்படி, 'சமூக மதிப்புள்ள சொத்து' என்ற பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். உரிமையாளர் விற்க முனைந்தால் மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் உள்ளூர் அமைப்பு ஒன்று முன்வந்தால், விற்பனை மொத்தம் ஆறு மாதம் நிறுத்தி வைக்கப்படும். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் விற்கலாம். ஊரார் முழு விலை கொண்டுவந்தாலும் மறுக்கலாம். சட்டம் தருவது அவகாசம் மட்டுமே. வாங்கும் உரிமையை அது தரவில்லை. அடுக்குமாடி வீடு கட்டினால் அதே மனைக்குப் பல மடங்கு விலை கிடைக்கும் லண்டனில், ஆறு மாதத்தில் ஒரு தெருவால் என்ன செய்துவிட முடியும்?

சட்டத்தை மீறி இடிப்பவர்களும் உண்டு. லண்டனின் மேடா வேலில் இருந்த 'கார்ல்டன் டேவர்ன்' என்ற பப்பை அதன் உரிமையாளர்கள் 2015இல் அனுமதியின்றியே இடித்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் உள்ளாட்சி மன்றம் உறுதியாக நின்று, பழைய வடிவிலேயே திரும்பக் கட்ட ஆணையிட்டது. அது மறுபடி திறக்க 2021 ஆயிற்று. ஒரு கட்டடத்துக்கு ஆறு ஆண்டுப் போராட்டம்!

ஊரார் சேர்ந்து பப்பை வாங்குவது புதிய வழக்கமா என்ற ஐயத்துக்குக் கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமம் விடை சொல்கிறது. அங்குள்ள 'ஓல்டு கிரவுன்' பப்பை ஊரார் கூட்டுறவாக வாங்கியது 2003இல். இன்று இவ்வழியில் வரும் ஊர்கள் பலவும் சமூக நலச் சங்கம் அமைக்கின்றன. அதில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. பணக்காரர் ஒருவர் சங்கத்தையே வளைத்துப்போட முடியாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

ஸ்காட்லாந்து இதில் முந்திக்கொண்டது. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பதிவு செய்த ஊர் அமைப்புக்கே முதலில் வாங்கும் உரிமையைக் கொடுத்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அதை நகரங்களுக்கும் விரித்தது. இங்கிலாந்துக்கும் இத்தகைய உரிமையும் ஓராண்டு அவகாசமும் தரும் மசோதா 2025இல்தான் நாடாளுமன்றத்துக்கு வந்தது.

ஆனால் வாங்கப் பணம்? 2021இல் அறிவித்த 15 கோடி பவுண்டு சமூக உடைமை நிதியை 2024 டிசம்பரில் அரசு மூடிவிட்டது. வசதியான ஊர்கள் எப்படியாவது திரட்டிக்கொள்ளும். மற்ற ஊர்களுக்காக அந்த நிதியை அரசு மீண்டும் திறக்க வேண்டும்.